தினமும் ஒரு டப்பா தேடணுமா?

ஆபீஸ்ல ஏகப்பட்ட ஆணி. அதனாலதான் இந்தக் கடைப்பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு. மன்னிச்சுக்கோங்க மக்கா.

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் மதியச் சாப்பாட்டு நேரத்துல, "நீங்க ஜியோகேஷிங் போவீங்களாமே, வாரத்துக்கு எத்தனை எடுப்பீங்க?"ன்னு கேட்டான். "மாசத்துக்கு ரெண்டு நாள் போவோம். கிடைச்சா ரெண்டு, மூணு"ன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கிரிக்கெட் பிடிக்கும்னு சொல்லிட்டு உலகக்கோப்பை ஃபைனல் மட்டும் பார்ப்பேன்னு சொன்னவனைப் பார்க்கற மாதிரி. அவன் தினமும் மூணு எடுக்கறானாம். நாலு மாசமா ஒரு நாள்கூட விட்டதில்லையாம்.

நானும் அப்படி இருந்தவன்தான் தம்பி. அந்தக் கதையைச் சொல்லலாம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல, தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தெரிஞ்சவங்க மூணு பத்தி தாண்டிக் குதிச்சுடுங்க.

கேஷ்னதும் நம்ம பொட்டி தட்டற கோஷ்டிக்கு மெமரி ஞாபகம் வரும். எங்கம்மாவுக்கு ரொக்கம் ஞாபகம் வந்துச்சு. ரெண்டும் இல்லை. யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளிச்சு வெச்சு, அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போடுவார். நீங்க ஜி.பி.எஸ்ஸை வெச்சுக்கிட்டுத் தேடிப் போய்க் கண்டுபிடிச்சு, உள்ள இருக்கற நோட்டுல பேரு எழுதிட்டு, டப்பாவை இருந்த இடத்துலயே வெச்சுட்டு வரணும். உள்ள பொம்மை, சாவிக்கொத்துன்னு ஏதாவது இருந்தா எடுத்துக்கலாம். ஆனா பதிலுக்கு அதே மதிப்புள்ள ஒன்னை வைக்கணும். அவ்ளோதான் விளையாட்டு.

இது ஆரம்பிச்ச கதை நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 2000க்கு முன்னாடி பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சிக்னலை அமெரிக்க ராணுவம் வேணும்னே கெடுத்து அனுப்பிக்கிட்டு இருந்தது. 100 மீட்டர் வரைக்கும் பிசகும். 2000 மே மாசம் 2ஆம் தேதி அதை நிறுத்தினாங்க. உலகத்துல இருக்கற எல்லா ஜி.பி.எஸ் கருவியும் ஒரே ராத்திரியில பல மடங்கு துல்லியமாச்சு. மறுநாளே, மே 3, ஆரிகன் மாநிலத்துல போர்ட்லாண்டுக்குப் பக்கத்துல டேவ் உல்மர்னு ஒரு கம்ப்யூட்டர் ஆசாமி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரமா பாதி புதைச்சு வெச்சுட்டு, இடத்தை இணையக் குழுவுல அறிவிச்சார். உள்ள கொஞ்சம் சாஃப்ட்வேர், புத்தகம், பணம், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். சில நாள்லயே மைக் டீக்னு ஒருத்தர் போய் எடுத்துட்டார். அந்த மே மாசக் கடைசியில மேட் ஸ்டம்னு ஒருத்தர் ஜியோகேஷிங்னு பேரு வெச்சார். செப்டம்பர் 2ஆம் தேதி சியாட்டில்ல இருந்த ஜெரமி ஐரிஷ் வெப்சைட் ஆரம்பிச்சப்ப உலகம் முழுக்க இருந்தது 75 டப்பா. இப்ப 30 லட்சத்துக்கு மேல.

ஒவ்வொரு கேஷுக்கும் ரெண்டு மதிப்பெண் உண்டு. கண்டுபிடிக்கறது எவ்வளவு கஷ்டம், போய்ச்சேர்றது எவ்வளவு கஷ்டம்னு, ரெண்டும் 1லேருந்து 5 வரைக்கும். எடுத்தா உங்க மேப்புல மஞ்சள் ஸ்மைலி. தேடியும் கிடைக்கலைன்னு பதிஞ்சா நீல நிறத்துல அழுமூஞ்சி. இந்த மஞ்சள் மூஞ்சிதான் பின்னாடி என் மூஞ்சியில கரி பூசுச்சு.

இப்ப கொசுவத்தி சுத்தறேன்.

சியாட்டில் பக்கம் நான் வந்தது 2022 ஜனவரி. கல்யாணம் முடிஞ்சு தங்கமணி வந்தது அதே வருஷ நவம்பர். நவம்பர்ல சியாட்டில் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடும். தூறல் நிக்கவே நிக்காது. ஊர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல நாலு பேரை வேலை வாங்கிக்கிட்டு இருந்த பொண்ணு. இங்க எச்4 விசா. வேலை பார்க்க முடியாது. கார் ஓட்டத் தெரியாது. காலையில நான் போனா சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் பேச ஆள் இல்லை. "இன்னைக்கு என்ன பண்ணே?"ன்னு நான் கேட்கறதும், "மழை பார்த்தேன்"னு அவ சொல்றதும். முதல்ல ஜோக்கா இருந்துச்சு. ரெண்டு மாசத்துல அது ஜோக்கா இல்லை.

2023 மார்ச்ல ஒரு நண்பர்தான் இந்த ஆப்பைக் காட்டினார். வீட்டிலிருந்து 400 மீட்டர்ல ஒரு டப்பா. ரெண்டு பேரும் குடை பிடிச்சுக்கிட்டுப் போனோம். முக்கால் மணி நேரம் தேடினோம். நான் ஜி.பி.எஸ் அம்புக்குறியைப் பார்த்துக்கிட்டே புதருக்குள்ள சுத்தறேன். அவ சும்மா நின்னு பார்த்துட்டு, "அந்த மரத்துல ஒரு பட்டை மட்டும் காஞ்சிருக்குங்க"ன்னா. மழையில எல்லா மரமும் நனைஞ்சிருக்கறப்ப ஒரு பட்டை மட்டும் எப்படிக் காயும்? யாரோ பட்டைத் துண்டைப் பின்னாடி டப்பாவோட ஒட்டி மாட்டியிருக்காங்க. ஆடிட்டர் ஆபீஸ் கண்ணு! அன்னைக்குத்தான் அவ நவம்பர்ல இருந்து முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சான்னு நெனக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்பிடுவோம். எங்க போறதுன்னு அவ முடிவு பண்ணுவா. டூரிஸ்ட் கையேட்டுல வராத இடமெல்லாம் பார்த்தோம். வெட்ஜ்வுட்னு ஒரு பகுதி. வீடுகளுக்கு நடுவுல ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஒத்தைப் பாறை உட்கார்ந்திருக்கு. பக்கத்துல ஒரு கேஷ் தேடிப் போய்த்தான் அதைப் பார்த்தோம். பனியுகத்துல பனிப்பாறை வடக்கேயிருந்து இழுத்துக்கிட்டு வந்து, உருகிப் போறப்ப இங்க விட்டுட்டுப் போச்சாம். மேல ஏறினா 100 டாலர் அபராதம்னு 1970லயே நகரசபை சட்டம் போட்டிருக்கு. "நம்ம மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டை மாதிரியே இருக்குங்க"ன்னா. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சோம். வெண்ணெய் உருண்டை எங்கேயிருந்தும் வரலை, அங்கேயே இருந்த பாறை சுத்தித் தேய்ஞ்சு அப்படி நிக்குது. வெட்ஜ்வுட் பாறை எங்கேயிருந்தோ இழுத்துட்டு வந்து போட்டது. "அப்ப இது எச்4 பாறை"ன்னா. சிரிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைச்சது.

அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப, "புதையலா? அதைப் பூதம் காக்கும்டா, ராத்திரி நேரத்துல போகாதே"ன்னாங்க. சிரிச்சுட்டு விட்டேன். அம்மா சொன்னதைக் கேட்டிருக்கணும்.

மே 28, ஞாயித்துக்கிழமை. லாங் வீக்கெண்ட். ஞாயிறு ஒன்னு எடுத்தோம், திங்கள் ஒன்னு. செவ்வாய் ஆபீஸ் விட்டு வர்ற வழியில ஒன்னு. ஞாயித்துலேருந்து எண்ணினா தொடர்ந்து மூணு நாள்னு புள்ளிவிவரப் பக்கம் காட்டுச்சு. பத்து நாள் ஆக்குவோமேன்னு தோணுச்சு. பத்து முப்பதாச்சு. முப்பது நூறாச்சு. நம்ம புத்திதான் தெரியுமே, எண் ஒன்னைக் கண்ணுல காட்டிட்டாப் போதும், அதை ஏத்தியே ஆகணும். 365 நாள்னு முடிவு பண்ணிட்டேன்.

தினமும் தங்கமணியைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. அதனால தனியாப் போக ஆரம்பிச்சேன். ரெண்டு கேஷுக்கு நடுவுல குறைஞ்சது 161 மீட்டர் இருக்கணும்னு விதி. அப்ப வீட்டைச் சுத்தி இருக்கறது எவ்வளவு இருக்கும்? சீக்கிரமே தீர்ந்துடுச்சு. அப்புறம் ஆபீஸைச் சுத்தி. அப்புறம் நெடுஞ்சாலை ஓரம். அப்புறம் கடைகளோட கார் பார்க்கிங். அங்க விளக்குக் கம்பத்துக்கு அடியில ஒரு தகர மூடி இருக்கும். அதுக்கு இந்த வட்டாரத்துல பேரே பாவாடை. அதைத் தூக்கினா உள்ள ஒரு குட்டி டப்பா. காரை நிறுத்து, தூக்கு, பேரு எழுது, கிளம்பு. ரெண்டு நிமிஷம். அக்டோபர் மாசம் எடுத்த 31 கேஷ்ல பாதிக்கு மேல விளக்குக் கம்பம். எந்தக் கம்பம் எந்தக் கடை வாசல்ல இருந்துச்சுன்னு இப்ப கேட்டா ஒன்னுகூடச் சொல்லத் தெரியாது. மார்ச் மாசத்து மரப்பட்டையை மட்டும் இப்பவும் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன்.

டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. 199ஆவது நாள். அன்னைக்கு டேமேஜர் ஒரு ரிலீஸைக் கட்டி அழவிட்டுட்டார். வீட்டுக்கு வர்றப்பவே மணி ஒன்பது. தங்கமணிக்குக் காலையிலேருந்து காய்ச்சல். ரசம் வெச்சுக் கொடுத்தேன். மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சேன். மணி பத்தரை. "பத்து நிமிஷம், வந்துடறேன்"னேன். அவ ஒன்னும் சொல்லலை. போர்வையை இழுத்து மூடிக்கிட்டா.

அஞ்சு மைல் தள்ளி ஒரு பல் டாக்டர் கிளினிக், பூட்டியிருக்கு. அதுக்குப் பின்னாடி வேலி. வேலிக்கம்பி மூடிக்குள்ள இருக்கும்னு குறிப்பு. போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு கம்பியா தடவிக்கிட்டு இருக்கேன். பின்னாடி வெளிச்சம். போலீஸ் கார்.

கையை வெளியே தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு நின்னேன். இங்க என்ன பண்றேன்னு கேட்டார். "டப்பா தேடறேன்"னேன். என் வாயில வந்த அந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்கே பயமாயிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பதினோரு மணி. மருந்து வெச்சிருக்கற கிளினிக்குக்குப் பின்பக்கம். கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு வெளிநாட்டுக்காரன். விசாவுல இருக்கறவன். ஆப்பைத் திறந்து காட்டினேன். லைசென்ஸ் வாங்கிப் பார்த்தார். அவர் மரியாதையாத்தான் பேசினார், அதைச் சொல்லணும். பத்து நிமிஷம் கழிச்சு வீட்டுக்குப் போகச் சொன்னார். அந்தப் பத்து நிமிஷத்துல என் மனசு விசா ரத்து, விமான டிக்கெட், மாமனார் முகம் எல்லாம் பார்த்துட்டு வந்துடுச்சு.

காருக்குள்ள வந்து போனைப் பார்த்தா மூணு மிஸ்டு கால். ரிலீஸ் மீட்டிங்குக்காக சைலன்ட்ல போட்டதை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். தங்கமணி பாத்ரூம் தரையில சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தா. ரெண்டு தடவை வாந்தி எடுத்து, எழுந்திரிக்கத் தெம்பில்லாம அப்படியே உட்கார்ந்துட்டா. தூக்கிப் படுக்க வெச்சேன். திட்டுவாள்னு எதிர்பார்த்தேன். திட்டலை. "கிடைச்சுதா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். "முன்னாடியெல்லாம் எங்க போலாம்னு என்னைக் கேட்பீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா.

மணி பதினொன்னு அம்பது. பன்னெண்டுக்குள்ள இன்னொரு விளக்குக் கம்பம் போயிருக்கலாம்னு அந்த நேரத்துலயும் ஒரு மூலையில தோணுச்சு பாருங்க. அதுதான் என்னை ரொம்ப பயமுறுத்தினது. போலீஸ் இல்லை.

198ல நின்னுச்சு. மறுநாள் யாரும் போன் பண்ணிக் கேட்கலை. உலகம் அதுபாட்டுக்கு ஓடுச்சு.

சரி, இதுக்கு மேல என் கருத்து.

தினமும் போறது தப்புன்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொல்லத்தான் முதல்ல நெனச்சேன். ஆனா போன வருஷம் ஒரு கேஷர் சந்திப்புல ஒரு அம்மாவைப் பார்த்தேன். எழுபது வயசு இருக்கும். முட்டி ஆபரேஷன் பண்ணினவங்க. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார், சும்மா நடக்க போர் அடிக்குதுன்னு தினமும் ஒரு கேஷ். எடுத்த எண்ணிக்கையைக் கேட்டா, கணவர்தான் கணக்கு வெச்சிருக்கார்னு கையைக் காட்டறாங்க. அவங்களுக்குத் தினமும் போறதுதான் சரி. அதே மாதிரி, நெவாடா பாலைவனத்துல ஈ.டி. ஹைவேன்னு ஒரு ரோடு. அந்த ரோட்டோரமா ஆயிரத்துக்கும் மேல கேஷ் வரிசையா வெச்சிருக்காங்க. நாலு நண்பர்கள் காரை எடுத்துக்கிட்டு, ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் குதிச்சு ஓடிக் கையெழுத்துப் போட்டு, ஒரே நாள்ல நூத்துக்கணக்குல எடுப்பாங்க. எனக்கு அது ஒத்துவராது. ஆனா ராத்திரி முழுக்கச் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்தோம்னு சொல்றவங்ககிட்ட நான் என்ன சண்டை போடறது?

ஆக, எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்கறது முக்கியமில்லை. கேஷ் தேடறது இன்னொன்னுக்குத் துணையா இருக்கா, இல்லை அந்த இன்னொன்னைத் தின்னுக்கிட்டு இருக்கா? அந்த அம்மாவுக்கு நடை முக்கியம், கேஷ் சாக்கு. எனக்கும் ஆரம்பத்துல தங்கமணியோட சேர்ந்து ஊர் பார்க்கறதுதான் முக்கியம், கேஷ் சாக்கு. நடுவுல சாக்கு முதலாளியாயிடுச்சு. நம்ம தொழில்ல இதைப் பார்த்ததில்லையா? எத்தனை பக் மூடினேன்னு கணக்குக் கேட்டா, கஷ்டமான பக்கை யாரும் தொடமாட்டாங்க, சின்னச் சின்னதா நாப்பது மூடுவாங்க. எண்ணிக்கை ஏறும், சாஃப்ட்வேர் அப்படியே இருக்கும். நான் எடுத்த விளக்குக் கம்பங்கள் எல்லாம் அந்த நாப்பது பக்தான்.

இப்ப நாங்க எப்படிப் போறோம்னு சொல்றேன். இது சட்டமில்லை, எங்க வீட்டு வழக்கம்.

1. மாசத்துக்கு ரெண்டு நாள். ஒரு தடவை எங்க போறதுன்னு அவ சொல்வா, ஒரு தடவை நான். உடம்பு சரியில்லைன்னா, மனசு சரியில்லைன்னா போறதில்லை. அடுத்த மாசம் சேர்த்து ஈடுகட்டறதும் இல்லை.

2. முதல்ல இடம், அப்புறம்தான் கேஷ். காசு கட்டற உறுப்பினர்களுக்குப் பத்து கேஷ் எடுத்தா ஒரு விருப்பப் புள்ளி கொடுக்கற உரிமை கிடைக்கும். அது அதிகம் விழுந்த கேஷ் பெரும்பாலும் ஏமாத்தாது.

3. கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா வந்த அஞ்சு பேர் எழுதினதைப் படிப்போம். அஞ்சு பேருமே கிடைக்கலைன்னு எழுதியிருந்தா டப்பா அங்க இருக்க வாய்ப்புக் கம்மி. ஆனா மொத கால்மணி நேரம் குறிப்பைத் திறக்கறதில்லை. தேடற சுகம் போயிடும்.

4. அரைமணி நேரம். அதுக்குள்ள கிடைக்கலைன்னா அழுமூஞ்சியை ஒழுங்காப் பதிவு பண்ணுவோம். முன்னாடி நான் தோத்ததைப் பதிய மாட்டேன், கணக்குல அசிங்கமாத் தெரியும்னு. அது தப்பு. நம்ம அழுமூஞ்சியைப் பார்த்துத்தான் வெச்சவருக்கு டப்பா தொலைஞ்சிருக்குன்னே தெரியும். பக் ரிப்போர்ட் போடாம போற யூசர் மேல நமக்கு எவ்வளவு கோபம் வரும்?

5. பகல்ல மட்டும். திருட்டு முழி முழிக்காம இயல்பாத் தேடறது. யாராவது என்ன பண்றீங்கன்னு கேட்டா ஒளிக்காம சொல்லிடறது. ஜியோகேஷிங் தெரியாதவங்களை இவங்க மகிள்னு சொல்வாங்க, அவங்க கண்ணுல படாம தேடணும்னு ஒரு மரபு. அந்த மரபு வெள்ளைக்கார தாத்தாவுக்குச் சரி, எனக்குச் சரிப்படாது. அவங்களுக்குமே எப்பவும் சரிப்படறதில்லை. 2011ல இங்கிலாந்துல வெதர்பின்னு ஒரு ஊர்ல ஒரு கடைவீதியில ஒருத்தர் கேஷை வெச்சுட்டுப் போனதைப் பார்த்து சந்தேகப்பட்டு, தெருவையே காலி பண்ணி, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை வெடிச்சே எடுத்தாங்க.

6. மலைப்பக்கம் போனா தனியாப் போறதில்லை. ஆஃப்லைன் மேப், டார்ச், மழைச்சட்டை, தண்ணி, சாப்பாடு. போற இடத்தையும் திரும்பற நேரத்தையும் ஒரு நண்பர்கிட்ட சொல்லிட்டுப் போவோம். இங்க மவுன்டனியர்ஸ்னு ஒரு மலையேறும் சங்கம் 1930கள்லயே மலைக்குப் போறவங்க கண்டிப்பா எடுத்துக்கிட்டுப் போகவேண்டிய பத்துப் பொருள்னு பட்டியல் போட்டிருக்காங்க. ஜி.பி.எஸ் அம்பு நேரா காட்டும். நடுவுல பள்ளம் இருக்குன்னு அது சொல்லாது.

7. ஒரு குப்பைப் பை. டப்பாவைத் தேடிப் போற வழியில கிடக்கறதைப் பொறுக்கிட்டு வர்றது. இதுவும் இந்த விளையாட்டுல ஒரு நல்ல பழக்கம்.

8. கடைசியா, முக்கியமா, நாலு வரியாவது எழுதறது. 198 நாளும் நான் எழுதினது டி.எஃப்.டி.சி., அதாவது கேஷுக்கு நன்றின்னு நாலே எழுத்து. ஒருத்தர் மரப்பட்டையை அறுத்து, பின்னாடி குடைஞ்சு, காந்தம் ஒட்டி, மழையில நனைஞ்சு வெச்சிருக்கார். அதுக்கு நாலு எழுத்து! ராத்திரி கண்முழிச்சு நீங்க ஒரு பதிவு போடறீங்க, மறுநாள் ஆசையா வந்து பார்த்தா "நல்ல பதிவு"ன்னு ஒரே ஒரு பின்னூட்டம், அதுவும் படிக்காமலே போட்டதுன்னு தெரியுது. எப்படி இருக்கும்? நமக்குத் தெரியாததா மக்கா!

போன மார்ச்ல அந்த மரப்பட்டை கேஷ் பக்கத்துக்குத் திரும்பப் போய், அன்னைக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். காஞ்ச பட்டை, குடை, என் மனைவி சிரிச்சது எல்லாம். ரெண்டு நாள்ல வெச்சவர்கிட்டேருந்து மெயில். அவர் அந்த டப்பாவை எடுத்துடலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தாராம், யாரும் ரசிக்கற மாதிரி தெரியலைன்னு. இப்ப புதுப் பட்டை வெட்டி மாத்தியிருக்காராம்.

போன ஜூலையில ஸ்னோக்வால்மி கணவாய்ப் பக்கம் போனோம். அவளோட முறை. பழைய ரயில் பாதையில ஒரு சுரங்கம், இப்ப நடக்கறதுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்காங்க. மூணரை கிலோமீட்டருக்கு மேல நீளம். குளிர்காலத்துல மூடிடுவாங்க. உள்ள விளக்கே கிடையாது. வெளியே வெயில் கொளுத்துது, உள்ள பல்லு தந்தியடிக்குது. நடுவுல நின்னு ரெண்டு டார்ச்சையும் அணைச்சுப் பார்த்தோம். தூரத்துல அந்தப் பக்க வாசல் ஒரு மிளகு அளவுக்குத் தெரியுது. 2001ல பிளானட் ஆஃப் தி ஏப்ஸ் படத்து விளம்பரத்துக்காக வெச்ச பேர்போன கேஷ் ஒன்னு இந்தப் பாதையில உண்டு. பழைய நானா இருந்தா அதை நோக்கி ஓடியிருப்பேன். அதை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்கோம். நல்லதையெல்லாம் ஒரே நாள்ல தீர்த்துட்டா அப்புறம் எதுக்குக் காத்திருக்கறது?

அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பக்கத்துல ஒரு சின்ன கேஷ் இருந்துச்சு. தேடினோம். அரைமணி நேரம் ஆச்சு. "விதி நாலு, கிளம்பலாம்"னேன். "இன்னும் அஞ்சே நிமிஷம்"னா தங்கமணி. அஞ்சு இருவது ஆச்சு. கிடைக்கலை. நீல அழுமூஞ்சியை அவளே அவ போன்ல பதிஞ்சா. பதிஞ்சுட்டு, எங்கெல்லாம் தேடினோம், புளிசாதம் எப்படி இருந்துச்சுங்கறது வரைக்கும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கா. சியாட்டில்காரங்களுக்குப் புளிசாதம்னா என்னன்னு விளக்கம் வேற.

ஆபீஸ் தம்பிகிட்ட இதையெல்லாம் சொல்லலை. சாப்பாட்டு நேரம் முடிஞ்சுடுச்சு. "நாலு மாசமா தினமும் போறியே, யாரோட போறே?"ன்னு மட்டும் கேட்டேன். "தனியாத்தான்ணே. ரூம்மேட் ஆரம்பத்துல வந்தான், இப்ப வர்றதில்லை"ன்னான்.

இந்த சனிக்கிழமை எங்க முறைநாள். ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கேன். எங்க போறதுன்னு அந்த ரூம்மேட்தான் சொல்லணும்னு சொல்லியிருக்கேன். அவனுக்கு டப்பாவுல ஆர்வமில்லையாம். கடற்கரை பார்க்கணுமாம். நல்லதாப் போச்சு.

டிஸ்கி: பதிவைத் தங்கமணி படிச்சுட்டு அனுமதி கொடுத்ததுக்கு அப்புறம்தான் போடறேன். "எச்4 பாறை"யை மட்டும் எடுத்துடவான்னு கேட்டேன். "அது என் ஜோக்கு, எடுக்கக்கூடாது"ன்னுட்டா. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு பொழுதுபோக்கு முதலாளியான கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க. நாலு வரிக்குக் குறையாம!